இருபத்திரண்டு வினாடி

ரோஸ் ஹில்லில் ஒரு பழைய துணிக் கிடங்கு.
நான்கு அணி, நான்கு மேசை, மூன்று நாள்.
ஏழு நிமிடத்தில்
இதுவரை யாரும் பார்க்காத ஒரு நிகழ்ச்சி.
ஜெயித்தால் பதின்மூன்று சனிக்கிழமை
தீவு முழுக்க எங்கள் பெயர் ஓடும்.
எங்கள் மேசைக்கு ஒரு கால் குட்டை.
விதிமுறைத் தாளை மடித்து
அண்டக் கொடுத்தோம்.
அதன்பிறகு யாரும் விதி படிக்கவில்லை.

காமிரா ழான்-நொயேல்.
ஒலி ஷஃபீனா.
பேச்சு சோமசெல்லன்; பேச்சென்றால்
எச்சில் விழுங்கக்கூட நிறுத்தாத பேச்சு.
வெட்டி ஒட்டுவது நான்.

முதல் நாள் சண்டையிலேயே போயிற்று.
பேய் பங்களா என்றான் ஒருவன்,
பிரபலங்களின் நாய்கள் என்றாள் ஒருத்தி
(அவள் நான்தான்).
இருட்டியதும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்,
வண்டி போய்விடும் என்று.
ஓட்டத்தில் ஷஃபீனா கத்தினாள்:
இதுதான், இதுதான்!
கடைசிப் பேருந்து.
வாரம் ஒரு தடம், ஒரு பயணி.

பிரெஞ்சுத் தாளில் ஒரு கட்டம்:
யாருக்காக இந்த நிகழ்ச்சி?
ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன்
மாலை வகுப்பில் கற்ற சொல்லை:
நேயர்.
முகம் தெரியாமல் எங்கோ உட்கார்ந்து பார்ப்பவரை
அன்புள்ளவர் என்றே கூப்பிட்டுவிடுகிறது தமிழ்.
வயதைப் போடு, என்றான் சோமசெல்லன்,
பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து.

மறுநாள் கியூர்பீப்பில் வழக்கமான மழை.
மாஹேபூர்க் வண்டியில் மூன்றாவது இருக்கை,
மடியில் ரொட்டிப் பை,
விரல் நுனிகளில் தையல் ஆலையின் நீலச் சாயம்.
சரி, கேளுங்கள் என்றாள்.
சிரித்தாள். நடத்துனரைக் கிண்டல் செய்தாள்.
மகன் எங்கே என்று சோமசெல்லன் கேட்டதும்
கிரியோலில் சொன்னாள், மெதுவாக:
அதை நிறுத்து, தம்பி.

ழான்-நொயேல் காமிராவை இறக்கினான்.
சிவப்பு விளக்கை இறக்கவில்லை.
யாரும் பார்க்கவில்லை என்று நம்பி
ஜன்னல் பக்கம் திரும்பி
இருபத்திரண்டு வினாடி அழுதாள் அவள்.

இரவு இரண்டு மணிக்கு அது என் திரையில்.
சாய்ந்த சட்டகம், பாதி முகம், கண்ணாடியில் மீதி.
பொய் சொல்லமாட்டேன்,
அந்த மூன்று நாளில் நாங்கள் எடுத்த
ஒரே நல்ல காட்சி.
இதுதான் பரிசு, என்றான் ழான்-நொயேல்.
அவள் நிறுத்தச் சொன்னாளே.
நிறுத்தச் சொன்னதையும் போடு, இன்னும் நல்லது.
தூரத்து மேசையில் எவனோ குறட்டை.
நான் படத்தை எடுத்துவிட்டு
அந்த அளவுக்குக் கறுப்பை வைத்தேன்.
ஷஃபீனா ஒன்றும் பேசாமல்
அழுகையை மட்டும் ஒலியிலிருந்து உருவினாள்.
மீந்தது:
மழை துடைப்பானின் கிறீச்,
நடத்துனர் பையில் சில்லறை.

கேபிள் கழன்றுவிட்டதா? என்று கேட்டார்
நடுவர்களில் உயரமானவர்.
மூன்றாம் இடம்.
ஜெயித்தது இரண்டாம் மேசை:
மாமியார்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு
மருமகள் குழம்பைக் கண்டுபிடிக்கிறார்கள்.
நன்றாகவே இருந்தது. நானும் சிரித்தேன்.
ழான்-நொயேல் என் பக்கம் திரும்பவில்லை.
அந்த நினைவக அட்டை
இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து அதே வண்டி.
அவள்தான் என்னைக் கண்டுகொண்டாள்.
எப்போது வரும்?
வராது, வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.
ஐயோ, தெருவுக்கே சொல்லிவிட்டேனே!
தங்கை புதுப் பெட்டி வாங்கிவிட்டாள், தவணையில்.
நான் நன்றாக விழுந்திருந்தேனா, சொல்லு.

நன்றாக, என்றேன்.
ரொட்டிப் பையைத் திறந்து
சூடு ஆறாத ஒரு துண்டைப் பிய்த்துக் கொடுத்தாள்.
ரோஸ் பெல் வரை மென்றுகொண்டே வந்தோம்.
அந்தக் கறுப்பைப் பற்றி
அவளும் கேட்கவில்லை, கேட்க அவளுக்குத் தெரியாது;
நானும் சொல்லவில்லை.