காலடித் தட்டு

மொட்டை வெயிலில் அதை இறக்கி வைத்தபோது
நாலு சில்லும் நாலு திசை பார்த்தன.
லாண்ட் ரோவர். வன இலாகா ஏலத்தில் எடுத்ததாம்.
சுகிர்தா, நில அளவைக்காரி,
குச்சவெளிக் காட்டோரம் சங்கிலி இழுக்கிறவள்,
சாவியை என் மேசையில் வைத்துச் சொன்னாள்:
"எஞ்சின் நல்லம். உடம்புதான்."

உடம்புதான்.
வலது மட்காட்டில் யானை சாய்ந்த பள்ளம்,
பின்கதவில் மரக்குற்றி மோதிய நெளிவு,
பொனற் நடுவில் ஆரோ ஏறி நின்று
எதையோ எட்டிப் பார்த்த இரண்டு குதிகால்.
மேல்தகடு அலுமினியம்; அதற்குக் கறள் இல்லை,
பட்ட அடியை மட்டும் வைத்திருக்கும்.
காலடித் தட்டு இரும்பு.
குடித்த தண்ணீரையெல்லாம் வைத்திருக்கும்.
இரண்டும் தொடுகிற விளிம்பில்
நிலாவெளி உப்பளம்போல் ஒரு வெள்ளை
பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

யானைப் பள்ளத்தை உள்ளிருந்து எடுத்தேன்.
ஒரு பக்கம் மணல்மூட்டை, மறுபக்கம் மரச்சுத்தியல்.
நடுவில் அடிக்கக் கூடாது.
விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி,
கோபத்தில் இருக்கிற ஆளோடு கதை கொடுப்பதுபோல.
மூன்றாம் நாள் பின்னேரம் 'டொக்' என்று
தானாக வெளியே வந்தது.
பைரூஸ் கை தட்டினான்.

கிறைண்டர் அவன் கையில்.
பச்சை போனது. கீழே இன்னொரு பச்சை.
அதற்கும் கீழே சிவப்புப் பிறைமர்.
பிறகு சாரதியின் காலடியில்
விரல் தடிப்பில் பட்டி.
உளி வைத்துத் தட்ட, பொச்சுமட்டைபோல் கழன்றது.
உள்ளே இரும்பு இல்லை.
சுருட்டித் திணித்த பத்திரிகைத் தாள்.

"ஆரண்ணன் இந்தக் கள்ள வேல பாத்த ஆள்?
ஓட்டைக்குள்ள பேப்பர அடைச்சு, மேல பட்டி பூசி!
பிரேக்க மிதிச்சா காலே ரோட்டுக்குப் போயிருக்கும்."

விரித்தான். லொத்தர் முடிவுகள்.
நீலப் பேனாவில் ஒரு வட்டம்,
ஓரத்தில் ஏதோ கடன் கூட்டிய கணக்கு,
ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு.
இந்த வீதியில் ஏழுக்குக் கோடு போடுகிறவன்
நான் ஒருவன்தான்.

பதினாறு வருசம்.
கந்தோர்க் கிளாக்கருக்குப் பாதி, எனக்குப் பாதி.
பில்லில் 'புதுத் தகடு' என்று எழுதியதும்
இதே கை.
அந்த வருசம் எனக்கு வேறு கஷ்டமும் இருந்தது.
அதைச் சொன்னால் ஓட்டை சிறுக்காது.

தாளை மதிலில் காயப்போட்டான் பைரூஸ்,
அந்த அக்காவுக்குக் காட்டவேணுமாம்.
தேத்தண்ணி குடித்துத் திரும்பினால்
கடற்கரைப் பக்கமிருந்து வந்த கொம்பன் மான் ஒன்று
(பஸ் ஸ்டாண்டில் பழத்தோல் தேடுகிற கூட்டத்து ஆள்தான்)
மதிலோடு நின்று, ஆறுதலாக,
என் ஏழை மென்றுகொண்டிருந்தது.
பைரூஸ் கல் எடுத்தான்.
"விடு" என்றேன்.
என் குரல் எனக்கே நல்லாயில்லை.

சாட்சி போய்விட்டது. ஓட்டை போகவில்லை.
உள்ளங்கையளவுதான்.
சுத்தியல் வைத்தால் 'சத்' என்ற இடமெல்லாம் வெட்டினேன்,
'கிண்' என்று கேட்கிற வரைக்கும்.
ஒரு முழம் போனது.
புதுத் தகடு மடித்து, வெல்டிங் வைத்து,
ஒருவரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கும்
இரண்டு தரம் பூசினேன்.

கச்சான் புழுதி எழும்ப முந்தி,
விடியப்புறம் நாலு மணிக்குப் பெயின்ற்.
"ஆமிப் பச்சை வேண்டாம். நேவிச் சாம்பலும் வேண்டாம்"
என்றிருந்தாள். மோர் நிறம்.
பொனற்றில் அந்தக் குதிகால் இரண்டையும்
எடுக்க விடவில்லை.
"ஆரோ எதையோ பாத்திருக்கினம். கிடக்கட்டும்."

பில்லை வாசித்தாள், அளவைக்காரி, வரி வரியாக.
"சாரதிப் பக்கக் காலடித் தட்டு, காசு போடேல்லையே?"
"அது எடுத்தாச்சு."
"எப்ப?"

கிறைண்டர் நின்றது.
பைரூஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்,
பிறகு அவள் கையிலிருந்த பில்லை,
அதில் இருந்த ஏழை.