வீட்டின் பக்கம்

பதினான்காம் கமெராவில்
ட்ரெவரின் வழுக்கை தெரிகிறது.
மேலேயிருந்து பார்த்தால்
எல்லோருமே கொஞ்சம் தோற்றவர்கள்தான்.

கொள்ளுப்பிட்டி, இரவு இரண்டே கால்.
கீழே பாட்டுக்குழு பைலா தொடங்கிவிட்டது.
பஃபேயில் நண்டு முடிந்து இறால் வந்திருக்கிறது.
எல்லாம் இலவசம்:
சாப்பாடு, விஸ்கி, வாசல்வரை கொண்டுபோய் விடும் கார்.
இலவசத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்பது
என் மேசையில் கிடக்கும் தாள்.

கழுத்தில் தொங்கும் அட்டையில்
சுகிர்தா பரராஜசேகரம், உப தலைவர், ஆட்டப் பிரிவு.
கோயிலில் யாரும் கேட்டால்
"ஹோட்டல் லைன்" என்று சொல்லுவா அம்மா.
பொய்யில்லை.
பொய் சொல்லாமல் ஏமாற்றும் கலை
எனக்கு அந்தப் பக்கத்தால் வந்திருக்கலாம்.

சீட்டு வந்தது வெள்ளவத்தை அறையொன்றில்,
ஊரடங்கு இரவுகளில்.
கணக்கியல் படிக்க வந்த நாலு பெண்கள்,
ஒரு மெழுகுதிரி, முந்நூற்றி நாலு.
அந்த ஆட்டத்தில் ராசாவுக்கு மூன்று புள்ளி,
ராணிக்கு இரண்டு, ஜேக்குக்கு முப்பது.
முடி சூடியவர்கள் அவ்வளவு மலிவு என்பது
எனக்கு உடனே பிடித்துப்போனது.

போக்கர் பிறகு. பம்பலப்பிட்டி மாடியில், வெள்ளிக்கிழமைகளில்.
ட்ரெவர் அங்கேதான்;
என்னைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள்.
"நல்ல சீட்டு வந்தால் நீ மூச்சு விட மறக்கிறாய்" என்றான்.
அன்று முதல்
கெட்ட சீட்டுக்கும் மறந்தேன்.

மக்காவில் அந்தக் கை:
ஆடித்தன் ஒன்பது, கலாவரை நாலு.
குப்பை.
இருந்த அத்தனையையும் நடுவே தள்ளினேன்.
கொரியாக்காரன் பதினொரு நிமிடம் என் கழுத்தையே பார்த்தான்,
பிறகு இரண்டு ராசாக்களை மடித்து வைத்தான்.
கிண்ணத்தைக் கட்டுநாயக்காவில்
சுங்கத்தார் நிறுத்துப் பார்த்தார்கள்.

ஏழு வருடம் ஆடினேன்.
ஐந்து வருடம் வென்றேன் என்று எழுதினால்
வாசிக்க நன்றாகத்தான் இருக்கும்.
மற்ற இரண்டையும் ஒருவரும் கேட்கவில்லை,
முதலாளி மட்டும் கேட்டார்.
"அந்த இரண்டுக்காகத்தான்
உன்னை வேலைக்கு எடுக்கிறேன்."

இங்கே வீடு என்றால் நாங்கள்.
அறம், பொருள், இன்பம், வீடு என்று
பள்ளியில் ஒப்புவித்தபோது தெரியவில்லை,
முதலாவதில் நிற்காமலே
கடைசிக்கு வந்து சேர வழியிருக்கிறதென்று.
வீட்டுக்குக் கழுத்தில்லை. மூச்சில்லை.
சில்லு சுற்றுகிறது, நூற்றுக்கு இரண்டு புள்ளி ஏழு
எங்கள் பக்கம் சாய்கிறது,
யாரிடமும் எதையும் மறைக்காமல்.

ட்ரெவர் இப்போது சில்லில்தான்.
முகங்கள் பார்த்துக் களைத்துவிட்டதாம்.
கடன் சீட்டு மேலே வருகிறது: பதினைந்து லட்சம்.
அவன் நிமிர்ந்து
நேரே பதினான்காம் கமெராவைப் பார்க்கிறான்,
விரலால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுகிறான்.
பழைய வெள்ளிக்கிழமைகளில் அதற்கு
'நான் ஒன்றும் போடவில்லை, உன் முறை' என்று அர்த்தம்.

"இல்லை" என்று எழுதினேன்.
தெகிவளைக்கு ஒரு கார் என்றேன்.

அவன் காரில் ஏறவில்லை.
வாசல் கமெராவில் மழை.
தலைக்குமேல் ஒரு பத்திரிகையைப் பிடித்தபடி
ரோட்டைக் கடந்தான்,
சிவப்பு எழுத்து மின்னும் எதிர்வீட்டுக்கு.
அங்கே கேட்டதும் கொடுப்பார்கள்.
அதுவும் எங்கள் முதலாளியுடையதுதான்.

மாதக் கடைசியில்
இரண்டு வீட்டுக் கணக்கும் ஒரே தாளில் வரும்.
பதினைந்து லட்சம், பெயரில்லாமல்,
வேறு பல லட்சங்களோடு கூட்டப்பட்டு.
கூட்டுத்தொகையில் எனக்கும் ஒரு வீதம் உண்டு.

கையெழுத்து வைத்தேன்.
"மிஸ், ஏசியைக் குறைக்கவா?" என்றாள் நெலும்.
அப்போதுதான்
மூச்சை விட்டேன்.