வண்டிமுட்டு

பங்குனியில கண்மாய் வத்திரும்.
கப்பலூர் தாண்டி, பாளம் பாளமா வெடிச்ச தரை.
அதுதான் எங்களுக்குக் களம்.

கிடாமுட்டுப் பாத்த வாய் எங்க வாய்.
இரும்புக்கடையில எடைக்கு எடுத்த காரைத்
தட்டி ஒட்டித் தேத்தினா அதுவும் கிடாதான்.
பம்பருன்னு எவனும் சொல்ல மாட்டான், கொம்பு.
ஆனா ஒண்ணு,
கிடா நெத்தியால முட்டும்.
வண்டி முட்டக்கூடாது, நெத்தியில தண்ணி இருக்கு.
ரேடியேட்டர் ஒழுகிட்டா நாலு நிமிசம், எஞ்சின் இறுகிரும்.
அதனால ரிவர்ஸ்லயே போயிப் பின்பக்கத்தால சாத்தணும்.
அதுக்கு ஒச்சப்பன் வச்ச பேரை
இதுல எழுத முடியாது.

கண்ணாடி மொத்தமும் கழட்டியாச்சுன்னா, மொட்டை.
கதவைச் சேத்துப் பத்தவச்சா, தையல்.
சாணுக்கு ஒரு தையல் போதும்.
நெருக்கித் தச்சா தகரம் வெந்து
அந்த இடத்துலயே கிழியும். நான் சொன்னா
கேட்டாத்தானே. போன வருசம் ரெண்டு வண்டி
வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு.
டேங்கைப் பிடுங்கிட்டு
ரெண்டு லிட்டர் பால்கேனை சீட்டுக்குப் பின்னாடி
போல்ட் போட்டு முடுக்குவோம். தொட்டில்.
பேருதான் தொட்டில், ஆடிச்சுன்னா செத்தோம்.

டிஃபரென்ஷியலுக்குள்ள பல்லோட பல்லை ஒட்டிட்டா
ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தும்,
ஒண்ணு புழுதியில வழுக்கினாலும் இன்னொண்ணு இழுக்கும்.
அதுக்குப் பேரு கல்யாணம்.
வளைவுல திருப்பினா அலறும்.

முட்டாம ஓரமாவே சுத்துறவன் பம்மி.
போன வருசம் ஜெயிச்சதே ஒரு பம்மிதான்,
அவனுக்குக் குத்துவிளக்கு குடுத்தாங்க.

டிரைவர் பக்கக் கதவுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கும்.
அங்க எவனும் இடிக்கக்கூடாது.
தாலிக்கதவுன்னு சொல்லுவாங்க.
இந்தத் தடவை ஸ்டீயரிங்ல நான் உக்காந்தேன்.
என் கதவை என்னன்னு கூப்புடுறதுன்னு
பதினோரு ஆம்பளையும் முழிச்சாங்க.
மெட்டிக்கதவுன்னான் சலேத்து.
மெட்டியும் இல்ல, போடுற உத்தேசமும் இல்ல,
எனக்கு இருக்குறது பேரு ஒண்ணுன்னேன்.
சுண்ணாம்பு மேல கரியால எழுதுனேன்: பெருமாயி.

மைக்குல காஜா மைதீன் வாசிச்சான்.
பொழுது சாயறதுக்குள்ள
எல்லா வண்டியிலயும் அந்தக் கதவு பெருமாயி ஆயிருச்சு.
"பெருமாயில இடிச்சா அவுட்டு, சொல்லிட்டேன்!"

கதவோரம் ஒரு முழக் கரும்பு கட்டியிருக்கும்.
முடியலைன்னா ஒடிச்சுக் காட்டணும், அதான் விதி.
தோத்தான்னு யாரையும் சொல்றதில்ல,
கரும்பு ஒடிச்சுட்டான், அவ்வளவுதான்.

கடைசியா நானும் சலேத்தும்.
அவன் அம்பாசடருக்கு டிக்கி கூரை மேல ஏறிக் கெடக்கு.
என் பத்மினிக்கு மூணு சக்கரம்,
நாலாவது எங்கன்னு தெரியல.
புழுதி, ஆயில் புகை, விசில்.
சாத்துனேன். அவன் வண்டி
ஒரு தடவை இருமி நின்னுபோச்சு.

கை வெளிய வந்துச்சு. கரும்பைப் பிடிச்சுச்சு.
கூட்டம் எந்திரிச்சு நிக்குது.
உருவி உள்ள எடுத்துக்கிட்டான் பாவி,
பல்லால தோலை உரிச்சுத்
திங்க ஆரம்பிச்சுட்டான்.
சக்கை மட்டும் ஜன்னல் வழியா வந்து விழுகுது.

ஒடிக்கிறது வேற கடிக்கிறது வேறன்னான் காஜா.
பல்லால ஒடிச்சாலும் ஒடிச்சதுதான்னு ஒச்சப்பன்.
விதியில பல்லுன்னு போடலையேன்னு ஒருத்தன்,
கைன்னும் போடலையேன்னு இன்னொருத்தன்.
மைக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசுறாங்க.
அவன் கணு வரைக்கும் வந்துட்டான்.

தச்ச கதவு தொறக்காது.
ஜன்னல்ல காலை விட்டு, ஹெல்மெட்டோட இறங்கி நடந்தேன்.
மைக்கும் பின்னாடியே வந்துச்சு.
"பாதி குடுடா."
பாத்தான். சிரிச்சான்.
முட்டியில வச்சு ஒரு அமுக்கு.

டப்புன்னு அந்தச் சத்தம்
கண்மாய்க்கரைக் குழாய் மூணுலயும் கேட்டுச்சு.

இல்ல, அது ஒடிச்சதில்ல, பங்கு வச்சதுன்னு
இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியுறான்.