மங்கல்

முத்தூர் ரோட்டு மண்டபம். அதிகாலை நாலரை.
கேமரா ஒன்று, பையில் லென்ஸ் இரண்டு.

ஐம்பது என்னுடையது,
பதினோரு தவணையில் கட்டி முடித்தது.
கொய்யாக்காய் கனம்.
கிட்டே வராது, எட்டப் போகாது;
வருவதும் போவதும் நான்தான்.

இருபத்து நாலு - எழுபது வாடகை.
ஈரோட்டில் நாளுக்கு ஆயிரத்து இருநூறு,
ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.
நின்ற இடத்தில் நின்று வளையத்தைத் திருகினால்
வாழைமரம் முதல் மூக்குத்தி வரை
வந்து சேரும்.
கழுத்து மட்டும் மூன்று நாள் வலிக்கும்.

வீடியோக்காரர் சென்னியப்பன் தன் விளக்கை
மாப்பிள்ளை முகத்தில் ஊற்றிவிட்டு
"உங்குளுக்கென்னுங் தம்பி, வெளிச்சத்துக்குப் பஞ்சமா?" என்றார்.
விளக்கு நகர்ந்ததும் பஞ்சம்.
வாடகை லென்ஸில் இருட்டு மணல் மணலாய் விழுந்தது.
கழற்றி ஐம்பதை மாட்டினேன்.
ஒன்று புள்ளி எட்டு.
வாயை முழுக்கத் திறந்து
கிடைத்ததையெல்லாம் குடித்தது.

கோகிலவாணியின் இமையில் ஒட்டிய ஒற்றை அரிசி.
தாலிக்கயிற்றில் காயாத மஞ்சள்.
தெளிவு அவ்வளவுதான், ஒரு விரற்கடை.
அதற்கப்பால் வந்திருந்த ஒறம்பரை மொத்தமும்
வெண்ணெயாய் உருகி நின்றது.
எனக்கு அதில் பெருமை வேறு.
மங்கலத்தில் முக்கால்வாசி மங்கல்தானே என்று
நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டேன்.

ஆல்பம் கொடுத்து ஐந்து மாதம் கழித்து
ஒரு மதியம் கூப்பிட்டாள்.
"ஏனுங்ணா, இருபத்தெட்டாம் பக்கத்துல
என்ற தோளுக்குப் பின்னால
பச்சையா ஒண்ணு நிக்குதுங்ளே, ஆருங் அது?"
"ஸ்கிரீன் துணியா இருக்குமுங்."
"ஸ்கிரீன் துணி இடுப்புல கை வெச்சு நிக்குமாங்?"

கிணற்றுப் பங்கில் பேச்சறுந்து பதினாலு வருசம்.
அத்தை வரவில்லை என்றுதான்
வீட்டில் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.
மொய் நோட்டில் பேர் இல்லை.
பந்தியில் பார்த்தவர் இல்லை.

மூலப்படத்தைத் திறந்தேன். எண் 2147.
நூறு சதம், இருநூறு, நானூறு.
மங்கலைப் பெரிதாக்கினால்
பெரிய மங்கல்.
பச்சைக்கு மேல் மாநிறத்தில் ஒரு வட்டம்.
அதற்குள் முகம் வரவழைக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது.
வரவழைத்தது:
யாரோ ஒருத்தியின் கண், யாரோ ஒருத்தியின் மூக்கு.
அழித்துவிட்டேன்.

2148-இல் அதே இடத்தில் சுவர்,
கைகழுவும் இடத்துக்கு ஓர் அம்புக்குறி.
இரண்டு படத்துக்கும் நடுவே நாற்பது நொடி.

அந்த இன்னொன்றைக் கழற்றாமல் இருந்திருந்தால்?
இருபத்து நாலில் அகல விரித்திருந்தால்
அத்தை முகத்தோடு வந்திருப்பாள்,
கடுகளவு, மணலோடு.
இமையின் அரிசி கலைந்து போயிருக்கும்.
ஆனால் என்னைத் தெரியும் எனக்கு:
எழுபதுக்குத் திருகி, தாலியை இறுக்கிக் கட்டம் கட்டி,
அவளை வெளியே நிறுத்தியிருப்பேன்
மங்கலாய்க்கூட இல்லாமல்.
ஐம்பதோடு நாலு எட்டு இடப்பக்கம் நடந்திருக்கலாம்.
அங்கே சென்னியப்பனின் விளக்குக் கம்பி இருந்தது.
இருந்ததா?
இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"அவிங்கதானுங்" என்றாள்.
"அந்த நிப்பு எங்கத்தை நிப்பு.
அதை மட்டும் பெருசாப் போட்டுக் குடுங்."
"முன்னால நீங்க இருக்கறீங்களே."
"என்னைய வெட்டிருங்."

பன்னிரண்டுக்குப் பதினெட்டு.
பிரேம் கடைப் பையன் இருபக்கமும் திருப்பிப் பார்த்தான்:
"அண்ணா, இதுல ஆருமே இல்லீங்ளே,
எதுங் மேல் பக்கம்?"

ஞாயிற்றுக்கிழமை காங்கயத்தில் காதுகுத்து.
இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.
எதை மாட்டுவது என்று இன்னும் தெரியாது.
போனதும் முதலில்
கைகழுவும் இடம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்.