முதல் மழை

சாக்கோ மண்ணில் எங்கே தோண்டினாலும் உப்பு.
குடிக்கக் கிடைப்பது கூரையில் விழுவதுதான்.
முதல் மழையை நாங்கள் சேர்ப்பதில்லை.
ஐந்து மாதப் புழுதி, புறா எச்சம், செத்த வெட்டுக்கிளி
எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு அது போகட்டும் என்று
குழாயை வெளியே திருப்பிவிடுவோம்.
இரண்டாம் மழைதான் தொட்டிக்கு.

போதகர் டூயெக் இதைத்தான் உவமையாக்கினார்,
எங்களுக்குப் பதினாறு வயது நடந்த குளிர்காலத்தில்.
"உங்கள் சரீரம் ஒரு தொட்டி.
ஒரே ஒரு பல்லி விழுந்தால் போதும்."
பெண்கள் பக்கம் பார்த்துச் சொன்னார்.
இந்தப் பக்கம் நாங்கள்
பூட்ஸ் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தோம்.

அகனேத்தா சபை முன்னால் நின்றது
ஒரு பிப்ரவரி ஞாயிறு.
நான்கு மாத வயிறு.
யார் என்று கேட்டார்கள்.
அவள் அண்ணாந்து பார்த்தாள்.
வெயிலில் விரிந்து
தகரம் டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது.
மூன்றாம் வரிசையில் நான்.
என் கால்கள் பெஞ்சின் கால்களாகியிருந்தன.

வேர்க்கடலை விதைத்து முடித்த இரவு அது.
அன்புதான், பொய் சொல்லமாட்டேன்.
அன்பு என்று சொன்னால் எடை குறையுமா என்று
பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
அவள் ஒப்புக்கொடுத்ததை
நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்;
கட்டளை எந்த இடத்தில் உடைந்தது என்று கேட்டால்
அந்த இரவைவிட
அந்த பெஞ்சைத்தான் காட்டுவேன்.

பிறகு ஏழு வருடம் பால் லாரி ஓட்டினேன்.
அப்பம் வாங்கினேன், ரசம் வாங்கினேன்.
இஸ்ப்ராண்ட் தங்கமான பையன் என்றார்கள்.
அவள் வாசலில் கேனை வைத்துவிட்டு
உள்ளே போய்விடுவாள்.

போன செப்டம்பரில் தொட்டி வற்றியது.
ஏணி வைத்து இறங்கினேன்.
அடிச்சேற்றில் பல்லி எலும்புகள்.
எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.
ஞாயிறுதோறும் சபைக்குக் காபி போட்டது
இந்தத் தண்ணீரில்தான்.
சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.
மண்டியிட்டுத் தேய்த்தேன்,
விரல் தோல் உரிய.
இருட்டில் அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன்.
சுவர் முன்பாதியை விழுங்கிவிட்டு
மீதியைத் திருப்பித் தந்தது:
நேத்தா? நேத்தா?
இல்லை. ஏழு வருடம்.

அடுத்த ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே எழுந்தேன்.
ஜன்னலைத் திறக்கப் போகிறேன் என்று நினைத்துப்
போதகர் தலையசைத்தார்.
நின்ற இடத்திலேயே சொன்னேன்.
என்ன சொன்னேன் என்பது பாதிதான் நினைவிருக்கிறது.
தொண்டையில் தொட்டிச் சேற்றின் வாடை.

முதல் மழை இன்னும் வரவில்லை.
வடக்குக் காற்று கதவிடுக்கில் மணலைத் தள்ளியது.
அகனேத்தா திரும்பவில்லை.
பையனின் காலுறையில் ஒட்டிய முட்களை
ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
அவன் மட்டும் திரும்பிப் பார்த்தான்,
என் காதுகளோடு.