நாற்பது சொல்லுக்குள்

கஸ்தூரியார் வீதியில், பத்திரிகைக் கந்தோரில்,
விளம்பரம் எடுக்கிற பொடியன் கேட்டான்:
பிறப்பிடம்?
காசல், என்றேன்.
அது எங்கை அம்மா, தீவுப் பக்கமோ?
ஜேர்மனி.
பேனை நின்றது.
ஹன்னலோர விட்சல் என்று எழுத
'ஹ' போட்டு, வெட்டி, 'அ' போட்டு,
என் முகத்தைப் பார்த்தான்.
நாற்பது சொல்லுக்கு மேல போனா
சொல்லுக்கு நூறு ரூபா.

அவள் தொழில் தொடங்கியதும்
இப்படி ஒரு மேசையில்தான்.
பத்தொன்பது வயது,
ஊர்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பகுதி.
ஊரில் எல்லாச் சாவும் அவள் கையால் போக,
ரஷ்யாவில் துலைந்த தகப்பனுக்கு மட்டும்
தாய் கடைசிவரை அறிவித்தல் கொடுக்கவில்லை.
துலைஞ்சவர் செத்தவர் இல்லை.
கோப்பாயில் ஒரு தாய் இதே வசனத்தைச் சொன்ன அன்றுதான்
இதை எனக்குச் சொன்னாள்.

பிறகு சுரங்கம் இடிந்த செய்தி,
பிறகு நீதிமன்றம், பிறகு சைகோன்.
இரண்டு கலியாணம்,
இரண்டும் தொலைபேசியிலேயே முடிந்ததாம்.

தொண்ணூற்று மூன்றில், கிளாலியில்,
தட்டச்சுப் பொறியைத் தலையில் வைத்தபடி
இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள்.
வெள்ளைக்காரிக்கும் தலைச்சுமை தெரியுது,
யாரோ இருட்டில் கத்தினார்கள்.
நான் மொழிபெயர்க்கவில்லை.

நான் கொண்டுபோனது சுண்டுக்குளியில் படிப்பித்த ஆங்கிலம்.
சம்பளம், நாளுக்கு ஐந்நூறு ரூபாயும்
அரைக் கட்டிச் சவர்க்காரமும்.
(சவர்க்காரத்துக்காகத்தான் போனேன்.)

வந்த மற்றவர்கள் கேட்டது:
எத்தனை பேர், எத்தனை மணி, எந்தத் திசையிலிருந்து.
இவள் கேட்டாள்:
அண்டைக்கு அடுப்பில் என்ன இருந்தது?
எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.
முதல்நாள் கேள்வியை மாற்றிக் கேட்டேன்.
மறுமொழியின் நீளத்தை வைத்தே பிடித்துவிட்டாள்.

பாசையூரில் ஒருத்தி,
மகன் போன கதையை ஏழு பேருக்கு
ஏழு விதமாய்ச் சொல்லி முடித்தவள்,
ஒட்டி மீன், என்றாள்.
புளி காணாது, என்றாள்.
பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
ஹன்னலோர பேனையை மூடினாள்.

இரவில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து
நான் கையால் பெடல் சுற்ற,
டைனமோ வெளிச்சத்தில் தட்டினாள்.
என் கை ஓய்ந்தால் வசனம் இருண்டுவிடும்.
பொறுங்கோ, என்பாள் அப்போது,
அவளிடமிருந்த ஒரே தமிழ்.
கோழிக்கும் அதுதான்,
சென்றியில் மறித்த பொடியனுக்கும் அதுதான்.

புத்தகம் வந்தது. பரிசும் வந்தது.
டோட்முண்டிலிருந்து பெறாமகன் போனில் வாசித்தான்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான்:
'என் பக்கத்தில் ஒரு குரல்.'
பெயர் இல்லை.
உங்களைக் காப்பாற்றத்தான் சித்தி, என்றான்.
இருக்கலாம்.
ஆறு வருடம் அவளுக்குக் கடிதம் போடவில்லை நான்.

அறுபதில் பத்திரிகை அவளை வீட்டுக்கு அனுப்பியது.
தாயைப் பற்றி மெல்லிய புத்தகம் ஒன்று எழுதினாள்,
கொடுக்கப்படாத அந்த ஒரு அறிவித்தலைப் பற்றி.
இருநூற்றிப் பதினொரு பிரதி விற்றதாம்.
எண்ணித்தான் எழுதியிருந்தாள்.
அந்தக் கடிதத்தில் என் பெயர்
முழுதாக, பிழையில்லாமல்:
எமில்டா சவரியம்மா மரியாம்பிள்ளை.

உறவுமுறை, அம்மா?
பொடியன் 'அன்னார்' என்று போட்டுவிட்டுக் காத்திருக்கிறான்.
மகளோ, தமக்கையோ, மைத்துனியோ?
இடம் விடு, என்றேன்.
படம் இருக்கோ?
கிளாலியில் எடுத்த ஒன்றே ஒன்று.
திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
இதில தண்ணியும் ஒரு பெட்டியும்தானே தெரியுது.
ஓம்.

தகவல் வந்தபோது
என் அடுப்பில் கத்தரிக்காய்ப் பால்கறி. அடிப்பிடித்துவிட்டது.
அதையும் எழுதச் சொன்னேன்.
எண்ணிப் பார்த்தான்.
நாற்பதைத் தாண்டுது அம்மா, இதை வெட்டவோ?

மற்றதை வெட்டு, என்றேன்.