ஆறு பீப்

ரிமோட்டின் முகம் செத்து ஒரு வருடமாகிறது.
எண் தெரியாது, பொத்தான்கள் மட்டும் வேலை செய்யும்.
அதனால் எங்கள் வீட்டில் குளிரைக்
காதால் எண்ணுவோம்.

முதலில் கீழ்ப்பொத்தானைப் பதினான்கு தடவை அமுக்கு.
எங்கே இருந்திருந்தாலும் இப்போது அது பதினாறு.
அங்கிருந்து மேலே
இரண்டு பீப் என்றால் பதினெட்டு. அது குணாளனுடையது.
அதற்கும் மேல் ஆறு என்றால் இருபத்து நான்கு,
என்னுடையது.

செந்தூல் பிளாட், பதினோராவது மாடி, மேற்குப் பார்த்த அறை.
மத்தியானம் முழுக்கச் சூடு குடித்த சுவர்
நள்ளிரவில்தான் அதைக் கக்கும்.

அவன் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் பத்து மணி நேரம் நிற்பவன்.
மாவை வீசுகிற கையில் முடி பொசுங்கி வழுவழுவென்றிருக்கும்.
சட்டையைக் கழற்றினால்
மார்ஜரின் வாசனையோடு ஓர் அடுப்பு வீட்டுக்குள் வந்த மாதிரி.
நான் செத்தாப்பாக் பேரங்காடியில்
உறைந்த கோழிக்கும் கெம்போங் மீனுக்கும் நடுவே
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விலை ஒட்டுகிறவள்.
வேலை முடிந்தால்
கார் நிறுத்துமிடத்துத் தார்ச்சூட்டில் ஐந்து நிமிடம் சும்மா நிற்பேன்,
விரல்கள் என்னுடையவை ஆகும்வரை.

பிறகு இரண்டு பேரும் ஒரே கட்டிலில்.

ஜனவரியில் அவன் அக்காவுக்குக் கொடுத்த பணத்தில் தொடங்கி
பேச்சு நின்றுபோன அந்த மூன்று வாரமும்
பீப் மட்டும்தான் பேசியது.
அவன் பதினான்கு, அப்புறம் இரண்டு.
நான் ஆறு.
நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து
அவன் மெல்ல, ஒவ்வொன்றாக, ஆறு.
ஒரு தடவை ஆத்திரத்தில் பன்னிரண்டு அடித்தேன். அது முப்பது.
"வேகுதுடி" என்ற ஒரே வார்த்தையோடு
எழுந்து ஹாலில் போய்ப் படுத்தான்.

மின்சார பில் முந்நூற்றுப் பத்து வெள்ளி வந்தபோதுதான்
அஸ்ருலைக் கூப்பிட்டோம்.
பையன் ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றி,
டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி வெகுநேரம் பார்த்தான்.
பிறகு ஒரு கறுப்பு ஒயரை இழுத்துக் காட்டினான்.
நுனியில் மிளகளவு ஒரு குமிழ்.
அறை எவ்வளவு சூடு என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது இதுதானாம்.
கிளிப்பிலிருந்து நழுவிப்
பின்சுவரில் கன்னத்தை வைத்துக் கிடந்திருக்கிறது.
லாமா சுடா, காக், என்றான். ரொம்ப நாளாயிற்றாம்.
எந்த எண்ணை வைத்தாலும்
சுவரை நம்பி ஒரே மாதிரிதான் ஊதியிருக்கும், ஓயாமல்.

நான் குணாளனைப் பார்த்தேன்.
அவன் ஏணியின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

அப்படியென்றால் என் இருபத்து நான்கில்
அவன் புழுங்கிப் புரண்டது?
அவன் பதினெட்டில் என் பல் கிடுகிடுத்தது?
நிஜ வியர்வைதான் அது.
தலையணை உறையைத் துவைத்தவள் நான்.

அஸ்ருல் அறுபது வெள்ளி வாங்கிக்கொண்டான்.
புது ரிமோட் முப்பத்தைந்து என்றான்.
அடுத்த மாசம் பார்ப்போம் என்று
இருவரும் ஒரே வாயாகச் சொன்னோம்.

இன்றிரவுதான் எண்ணுக்கு உயிர் வந்திருக்கிறது.
பதினான்கு கீழே.
மேலே நாலு என்றான். எட்டு என்றேன்.
பாசார் மாலாமில் சட்டை வாங்குவது போல் பேரம் பேசி
ஆறில் நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் அது தானாக ஓய்ந்தது.
அந்தச் சத்தமின்மையை இந்த அறையில் நாங்கள் கேட்டதே இல்லை.
கீழே கடைசி கொமுத்தர் போனது கூடக் காதில் விழுந்தது.
"நின்னுருச்சா?"
"வேணும்னா வரும். படு."

மூன்று மணி இருக்கும்.
அரைத்தூக்கத்தில்
பீப்.
பீப்.
கூட்டினானா, குறைத்தானா?
ஏறவும் இறங்கவும் அதற்கு ஒரே குரல்.
கேட்கலாம். அவன் விழித்துத்தான் கிடக்கிறான்.
கேட்காமல்
போர்வைக்கு வெளியே ஒரு பாதத்தை மட்டும் நீட்டிவைத்துக்
காத்திருக்கிறேன்.